அடுத்த வெளியீட்டில் தடுமாறும் பிழை கணிப்பு மாடல்: என்ன செய்யலாம்?

ஜாவா ப்ராஜெக்ட் ஒன்றில் எந்த ஃபைல்களில் பிழை இருக்கும் என்று கணிக்க ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களின் கணிப்பைச் சேர்த்துப் பார்க்கும்) மாடல் ஒன்றைப் பயன்படுத்துகிறேன். பழைய வெளியீடுகளில் கிராஸ் வேலிடேஷன் (தரவைப் பிரித்து, ஒரு பகுதியில் சோதித்து மீதியில் பயிற்றுவிப்பது) செய்தால் ரீகால் (உண்மையில் பிழையுள்ள ஃபைல்களில் மாடல் பிடித்த பங்கு) நன்றாகவே வருகிறது. அடுத்த வெளியீட்டில் ஓட்டினால் பெரிய ஃபைல்களை மட்டும்தான் காட்டுகிறது. அதற்கு மாடல் எதற்கு, வரிகளை எண்ணினாலே போதுமே!

உள்ளீடு: வரி எண்ணிக்கை, மெக்கேப் சிக்கல் அளவு (நிரலில் எத்தனை தனித்தனி பாதைகள் என்பது), ஹால்ஸ்டெட் அளவுகள் (ஆபரேட்டர், ஆபரண்ட் எண்ணிக்கையிலிருந்து வருபவை). கிட் கமிட்டில் (நிரல் மாற்றப் பதிவில்) பிழை எண் இருந்தால், அதில் திருத்திய ஃபைலைப் பிழையுள்ளதாகக் குறிக்கிறேன். அப்படிப்பட்டவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. அதனால் அக்யூரசியை (மொத்தக் கணிப்புகளில் சரியானவற்றின் பங்கை) நான் பார்ப்பதே இல்லை. எல்லா ஃபைலும் நல்லது என்று சொன்னாலே 90 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

பயிற்சித் தரவில் மட்டும் ஸ்மோட் (குறைவாக இருக்கும் பிழை ஃபைல்களைப் போலச் செயற்கை உதாரணங்களை உருவாக்கும் முறை) போட்டேன்: ரீகால் கொஞ்சம் ஏறியது, பொய் எச்சரிக்கை அதைவிட அதிகமாக ஏறியது. த்ரெஷோல்டை (பிழை என்று சொல்லத் தேவையான குறைந்தபட்ச நிகழ்தகவை) குறைத்தாலும் அதே கதைதான். அளவுகளை லாக் (மடக்கை) மதிப்புகளாக மாற்றியும் பயனில்லை. அப்புறம் நாசாவின் கேசி1 என்ற பிழைத் தரவுத் தொகுப்பையும் சேர்த்தேன். அது சி++ நிரல், ஒட்டவில்லை.

இந்த அளவுகளோடு கமிட் வரலாற்றையும் (எத்தனை முறை மாறியது, எத்தனை பேர் தொட்டார்கள்) சேர்த்து, அடுத்த வெளியீட்டின் சின்ன ஃபைல்களில் இருக்கும் பிழைகளை யாராவது பிடித்திருக்கிறீர்களா?