எல் பாசோ பல்கலைக்கழகம் கிராஸ் கன்ட்ரியில் ஏழு முறை ஜெயித்தது யாருடைய வரலாறு?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். சித்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறேன் (பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திராக்காரர்கள் கோபிக்க வேண்டாம்). கிராஸ் கன்ட்ரி (மைதானத்தில் இல்லாமல் வயல், மேடு, பள்ளம் என்று ஓடுகிற நெடுந்தூர ஓட்டம்) அணியில் இருக்கிறேன், இருக்கிறேன் என்றால் கடைசி ஆளாக ஒட்டிக்கொண்டிருக்கிறேன். கல்லூரி மலருக்கு ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் கிராஸ் கன்ட்ரி வரலாற்றை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் எங்கள் பி.டி. சார், ஆனால் எல்லாரும் எழுதுகிற ஆரிகன் பல்கலைக்கழகத்தின் கதை வேண்டாமாம்.

தேடியதில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் எல் பாசோ வளாகம் கண்ணில் பட்டது. ஊர் அமெரிக்காவில், ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டினால் மெக்சிகோவின் ஹுவாரெஸ். செக்போஸ்டைத் தாண்டினால் வேறு மாநிலம் என்று வளர்ந்த எனக்கு அதுவே பிடித்துப்போனது. 1914இல் சுரங்கக் கல்லூரியாகத் தொடங்கியதால் அணியின் பெயர் மைனர்ஸ். சுரங்கத் தொழிலாளிகள் என்று அர்த்தம், நம்ம ஊர் மைனர் இல்லை. அமெரிக்கக் கல்லூரிகளுக்கான என்.சி.ஏ.ஏ. தேசியப் போட்டியில் இவர்களுடைய ஆண்கள் அணி 1969, 1975, 1976, 1978, 1979, 1980, 1981 என்று ஏழு முறை முதலிடம். அதன் பிறகு ஒன்றுகூட இல்லை.

என் சந்தேகம் இதுதான். அந்த எழுபதுகளின் அணியில் முக்கியமான ஆட்கள் கென்யா, தான்சானியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். அப்படியென்றால் இதை அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாறு என்று எழுதலாமா, இல்லை ஸ்காலர்ஷிப் கொடுத்துக் கூட்டிவந்தவர்களின் வரலாறு என்று எழுத வேண்டுமா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. போன வருடம் எங்களை ஜெயித்த ஒரு கல்லூரி அணியில் அந்த ஜில்லாக்காரன் ஒருவன்கூட இல்லை. சரி, வயிற்றெரிச்சல்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆழியாறு:

இதில் என்ன சந்தேகம் தம்பி? சுலைமான் நியாம்புய் என்று தான்சானியாக்காரர் ஒருவர், 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் 5000 மீட்டரில் வெள்ளி வாங்குகிறார், அதே வருடம் நவம்பரில் எல் பாசோ பனியனைப் போட்டுக்கொண்டு கல்லூரிப் பையன்களோடு ஓடி முதலாவது வருகிறார். வயது 27. எதிரே நிற்கிற 19 வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். பெரியவர்களைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள் என்று அமெரிக்காவிலேயே அப்போது பெரிய சண்டை, வயதை ஒட்டி விதிகளையும் இறுக்கினார்கள். கட்டுரையில் இதை மழுப்பாமல் எழுதுங்கள்.

ரிட்டயர்டு பி.டி. மாஷ்:

ஆழியாறு சொன்னது தப்பில்லை, ஆனால் பாதிதான். முப்பது வருடம் பையன்களை ஓடவிட்டவன் என்ற முறையில் மீதிப் பாதியை நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் கணக்கு. அமெரிக்கக் கல்லூரிப் போட்டியில் ஓர் அணிக்கு ஏழு பேர் ஓடுவார்கள், முதல் ஐந்து பேர் வந்த இடங்களைக் கூட்டுவார்கள், கூட்டுத்தொகை யாருக்குக் குறைவோ அவர்கள் ஜெயித்தார்கள். ஆறாவதும் ஏழாவதும் வருகிறவர்களுக்குப் புள்ளி கிடையாது, ஆனால் எதிரணியின் ஐந்தாவது ஆளுக்கு முன்னால் புகுந்துவிட்டால் அவனுடைய எண் ஏறிவிடும். ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து இடமும் உங்களுக்கே என்றால் 15, அதற்குக் கீழே போக வழியில்லை. 1981இல் எல் பாசோ வாங்கியது 17. நாடு முழுவதிலுமிருந்து தேறி வந்தவர்கள் ஓடுகிற பந்தயத்தில் 17!

இப்போது தம்பி எழுதிய ஏழு வருடங்களை எடுத்துக்கொண்டு தனிநபராக முதலில் வந்தது யார் என்று பாருங்கள். 1969இல் ஜெர்ரி லிண்ட்கிரென், வாஷிங்டன் ஸ்டேட். 1975இல் கிரெய்க் வர்ஜின், இல்லினாய். 1976இலும் 1979இலும் ஹென்றி ரோனோ, அவரும் வாஷிங்டன் ஸ்டேட், கென்யாக்காரர், 1978இல் 81 நாளுக்குள் நான்கு உலக சாதனைகளை உடைத்த மனிதர். 1978இல் ஆரிகனின் ஆல்பர்ட்டோ சலசார். ஆக ஏழில் ஐந்து முறை முதல் ஆள் வேறு கல்லூரிக்காரன், கோப்பை மட்டும் எல் பாசோவுக்கு. 1980இல் நியாம்புய், 1981இல் மேத்யூஸ் மோட்ஷ்வராடெயு, இந்த இரண்டு வருடம்தான் முதலிடமும் அவர்களுடையது. காசைக் கொடுத்து ஒரு நட்சத்திரத்தைக் கூட்டிவந்து ஜெயித்த கதை என்றால் இந்தக் கணக்கு வராது. ரோனோவை வைத்திருந்த கல்லூரியே அந்த இரண்டு வருடமும் தோற்றிருக்கிறது! ஐந்து பேரையும் ஒரே கூட்டமாகக் கொண்டுவந்து சேர்க்கத் தெரிந்த கோச் வேண்டும், எழுபதுகளின் பட்டங்களில் அந்த வேலையைச் செய்தவர் டெட் பேங்க்ஸ்.

ஐந்தாவது ஆளின் அருமை எனக்குப் பட்டுத்தான் தெரியும். ஒரு முறை எங்கள் பையன்கள் இரண்டு பேர் முன்னால் போய்விட்டார்கள், நாங்கள் பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு ஊர் திரும்புவதாகவே முடிவு செய்துவிட்டோம். பின்னால் வந்தவனுக்கு வயல் சேற்றில் ஒரு ஷூ மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு ஓட வேண்டியதுதானே? அது மாமன் மகனிடம் இரவல் வாங்கிய ஷூவாம், நின்று தோண்டி எடுத்து, கழுவிவிட்டு வந்தான், கழுவிவிட்டு! கோப்பை போயிற்று. இன்றும் அவன் கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால் பந்தியின் அந்தப் பக்கம் போய்விடுவான்.

இன்னொன்று. மோட்ஷ்வராடெயு தென்னாப்பிரிக்கக் கறுப்பர். நிறவெறி ஆட்சியால் அந்த நாட்டுக்கு 1964 முதல் ஒலிம்பிக்கில் இடமில்லாமல் போயிருந்தது, 1976இல் சர்வதேசத் தடகளச் சம்மேளனத்திலிருந்தும் வெளியேற்றிவிட்டார்கள். தன் நாட்டிலும் ஒதுக்கப்பட்டு, தன் நாட்டின் பெயரால் வெளியிலும் ஒதுக்கப்பட்ட ஒருவருக்கு ஓட ஒரு கல்லூரிப் பனியன் கிடைத்தது. அவரைக் கூட்டிவந்த ஆள் என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனசு வராது.

அதற்காக அந்த வளாகத்தைக் கோயிலாக்கியும் எழுத வேண்டாம். 1968இல் பாப் பீமன் உட்படச் சில கறுப்பின வீரர்கள், பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் இனக்கொள்கையை எதிர்த்து அவர்களோடு போட்டியிட மாட்டோம் என்றபோது, அணியிலிருந்து நீக்கியதும் இதே எல் பாசோதான். அந்த அக்டோபரில் மெக்சிகோ சிட்டி ஒலிம்பிக்கில் பீமன் நீளம் தாண்டுதலில் 8.90 மீட்டர் தாண்டி உலக சாதனை செய்தார். அடுத்த வருடமே எல் பாசோவுக்கு அதன் முதல் கிராஸ் கன்ட்ரி பட்டம். இரண்டும் ஒரே கட்டுரையில் வரட்டும்.

வேலந்தாவளம் அக்கா:

மாஷ் சொன்னதெல்லாம் சரி, இதுவரை ஒரு பெண் பெயர்கூட வரவில்லையே? என்.சி.ஏ.ஏ. ஆண்கள் கிராஸ் கன்ட்ரி 1938இலேயே தொடங்கிவிட்டது, பெண்களுக்கு 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, 43 வருடம். எல் பாசோ ஆண்கள் 17 புள்ளி எடுத்த அதே வருடம்தான் பெண்களுக்கு முதல் போட்டி. அணியில் வர்ஜீனியா, தனிநபரில் நார்த் கரோலினா ஸ்டேட்டின் பெட்டி ஸ்பிரிங்ஸ். இன்னும்கூட அங்கே ஆண்களுக்கு 10 கிலோமீட்டர், பெண்களுக்கு 6. உலகப் போட்டியில் 2017 கம்பாலாவில்தான் இருவருக்கும் 10 என்று சமமாக்கினார்கள்.

நானும் ஒரு காலத்தில் ஓடியவள்தான். விடியற்காலை வாய்க்கால் கரையில் ஓடினால் கள்ளு வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்து ஒதுங்கச் சொல்வார்கள், வீட்டில் அப்பத்தா "யார் துரத்துறாங்கன்னு இந்த ஓட்டம்" என்பார்.

தம்பி, வெளியூர் ஆள் என்று பேசுவதற்கு முன்னால் ஒன்று. பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் ஓடப் போனால் நம்மைப் பாண்டி என்பார்கள், பொள்ளாச்சிக்குப் போனால் மலையாளத்தான் என்பார்கள். நாம் எந்த ஜில்லாவில் உள்ளூர்?

மூணாறு எஸ்டேட் பையன்:

அக்கா கடைசியில் கேட்டது சுளீரென்று இருந்தது. எங்கள் தாத்தாவையும் தேயிலைக்காகக் கூட்டிவந்தார்கள், நாலு தலைமுறை ஆகியும் வந்தவர்கள் என்றுதான் பெயர்.

நான் சொல்ல வந்தது மண்ணைப் பற்றி. எல் பாசோ கடல் மட்டத்திலிருந்து 1100 மீட்டருக்கு மேல், பாலைவனம், ஊருக்கு நடுவிலேயே ஃபிராங்க்ளின் மலை. எங்கள் மூணாறு 1500 மீட்டர் பக்கம், அதனால்தான் இங்கே ஹை ஆல்டிடியூட் பயிற்சி மையம் வைத்திருக்கிறார்கள். உயரத்தில் காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவு, வாரக்கணக்கில் அங்கேயே இருந்தால் ரத்தத்தில் சிவப்பணு கூடும், கீழே இறங்கி ஓடும்போது அது கைகொடுக்கும். ஆனால் உயரம் மட்டும் போதும் என்றால் எங்கள் லயத்தில் பாதிப்பேர் ஒலிம்பிக் போயிருக்க வேண்டும். எங்கள் இடுக்கியிலிருந்து போன பிரீஜா ஸ்ரீதரன் 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் தங்கமும் 5000இல் வெள்ளியும் வாங்கினார். மலை ஏற இறங்கக் கால் பழகியது ஒரு பக்கம், சாப்பாடு போட்டு வருடக்கணக்கில் வைத்துப் பயிற்சி கொடுக்க ஆள் இருந்தது இன்னொரு பக்கம். பட்டினி வயிற்றோடு மலை ஏறினால் மூச்சுத்தான் வாங்கும்.

ஆழியாறு:

சரி மாஷ், அந்தத் தனிநபர் கணக்கு எனக்குத் தெரியாது, அதில் நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். 27 வயது விஷயத்தில் மாற மாட்டேன்.

ரிட்டயர்டு பி.டி. மாஷ்:

மாற வேண்டாம். அதுவும் கட்டுரையில் இருக்கட்டும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. ஏழு வருடத்தில் ஐந்து வருடம் முதல் ஆள் வேறு கல்லூரிக்காரன் என்பதிலிருந்தே கட்டுரையைத் தொடங்கப் போகிறேன். அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் தெரியவில்லை, எங்கள் கல்லூரியில் வேறு ஊரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி ஓடுகிற இரண்டு பேரோடு இத்தனை நாளாகச் சரியாகப் பேசியதில்லை என்பது மட்டும் இப்போது உறைக்கிறது.

மாஷ், ஒரு சின்ன விஷயம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இப்போது கிழக்கிலிருந்து அடித்துத் தள்ளுகிறது, போகும்போது முகத்தில் மணலை வாரி இறைக்கிறது, திரும்பும்போது முதுகைப் பிடித்துத் தள்ளுகிறது. எதிர்க்காற்றில் முன்னால் போகிறவன் பின்னால் ஒண்டிக்கொண்டு ஓடலாமா, அது கோழைத்தனமா?

ரிட்டயர்டு பி.டி. மாஷ்:

தாராளமாக ஒண்டிக்கொள். கொஞ்ச தூரம் நீயும் முன்னால் போய் அவனுக்கு மறைப்புக் கொடு. அப்புறம், ஷூ லேஸை இரட்டை முடிச்சாகப் போடு.