மாம்பலம் வீடு (குடும்பக் குழு)

அப்பா: எல்லோருக்கும் எச்சரிக்கை. +44 என்று தொடங்கும் எண்ணிலிருந்து காலையிலிருந்து மூன்று அழைப்பு. மூன்றையும் கட் செய்துவிட்டேன். யாரும் எடுக்க வேண்டாம்.

அம்மா: என்னங்க, அது நான்தான்.

அப்பா: நீயா? உன் நம்பருக்கு என்ன ஆயிற்று?

அம்மா: வித்யா நேற்று இங்கிலாந்து சிம் வாங்கிக் கொடுத்தாள். பாலும் கத்திரிக்காயும் வாங்கின கடையிலேயே! வாட்ஸ்அப் மட்டும் பழைய நம்பரில்.

அப்பா: மளிகைக் கடைக்காரன் சிம்மா? டவர் எங்கே வைத்திருக்கிறான், அரிசி மூட்டை மேலேயா?

கார்த்தி: 😂😂

வித்யா: அப்பா, டெஸ்கோ இங்கே பெரிய சூப்பர்மார்க்கெட். அது டெஸ்கோ மொபைல். 2003-லிருந்து இருக்கிறது. டவர் ஓ2 கம்பெனியுடையது. திட்டம், பில், கஸ்டமர் கேர் எல்லாம் டெஸ்கோ பெயரில். கல்யாணச் சமையல்காரருக்குச் சொந்த மண்டபமா இருக்கிறது? பந்தி நடக்கிறதா இல்லையா?

அத்தை: நல்லா சொன்னே. இங்கே அந்த மாதிரி வரவே இல்லையே?

கார்த்தி: வந்ததே அத்தை. 2008-ல் டாடா நெட்வொர்க்கில் வர்ஜின் மொபைல். 2016-லிருந்து இதற்கென்று தனி லைசென்ஸ் விதியே இருக்கிறது.

அப்பா: சரி, வியாபாரம் படுத்து நிறுத்திவிட்டால்? நம்பர் அம்போதானே?

வித்யா: நிறுத்தினதும் உண்டு. செயின்ஸ்பரீஸ் சூப்பர்மார்க்கெட் 2013-ல் வோடபோனோடு சேர்ந்து ஆரம்பித்து 2016 ஜனவரியில் மூடிவிட்டது. ஆனால் இங்கே பிஏசி என்று 65075-க்கு மெசேஜ் அனுப்பினால் ஒரு கோட் வரும். அதைக் கொடுத்து அதே நம்பரோடு வேறு கம்பெனிக்குப் போகலாம். நம் ஊரில் 1900-க்கு அனுப்புகிறோமே, அது மாதிரி.

அப்பா: ம்.

அப்பா: அதெல்லாம் இருக்கட்டும். சிலிண்டர் வந்திருக்கிறது. வாசலில் நிற்கிறார். கோட் கேட்கிறார். அது உன் நம்பருக்குத்தானே வரும்??

அம்மா: ஐயோ. சென்னை சிம்மைக் கழற்றிவிட்டேனே!

வித்யா: எங்கே வைத்தாய்?

அம்மா: குங்குமச் சிமிழில். தொலையாமல் இருக்கட்டும் என்று.

கார்த்தி: அம்மா, உன் போனில் இரண்டு சிம் போடலாம்! ரோமிங் நான் ஏர்போர்ட்டிலேயே போட்டுவிட்டேன். மெசேஜ் வர காசில்லை. டேட்டா ரோமிங்கை மட்டும் ஆன் செய்துவிடாதே.

அப்பா: சீக்கிரம். இன்னும் நாலு வீடு போகணுமாம். மோர் கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன்.

வித்யா: சிம் முழுக்கக் குங்குமம். புடவைத் தலைப்பில் துடைக்கிறாள். ட்ரேயைத் திறக்கிற ஊசி கிடைக்கவில்லை, வளையலில் மாட்டியிருந்த ஊக்கால் குத்திக்கொண்டிருக்கிறாள்.

அம்மா: வந்துவிட்டது. 7316.

அப்பா: சரி. போட்டுவிட்டார்.

அத்தை: அண்ணா, அந்த +44 நம்பரை முதலில் சேமித்து வைங்க.

அப்பா: என்ன பெயரில்?

கார்த்தி: 'அம்மா மளிகை'.

அப்பா: சேமித்துவிட்டேன். இப்போது கூப்பிடு, எடுக்கிறேன்.