ஒரே தொகை இருமுறை பற்று: வங்கியின் திருத்தம் எப்போது முழுமையடைகிறது?

கேள்வி

வணக்கம். என் சேமிப்புக் கணக்கில் ஒரே பணப் பரிமாற்றத்துக்கு இருமுறை பற்று எழுதப்பட்டிருந்தது. புகார் அளித்தபின் வங்கி அத்தொகையை வரவு வைத்துவிட்டது; ஆனால் தவறான பதிவை நீக்கவில்லை. அறிக்கையில் இரண்டு பற்றுகளும், அவற்றுக்குக் கீழே ஒரு வரவும் நிற்கின்றன. தவறை ஒப்புக்கொண்ட பின்னும் அதை அழிக்காதது ஏன்? இதற்கிடையே இருப்புக் குறைந்து நான் கொடுத்திருந்த காசோலை ஒன்று திரும்பியது. அதற்கும் கட்டணம் பிடித்துவிட்டார்கள். பணம் வந்துவிட்டதால் விவகாரம் முடிந்தது என்று வங்கி சொல்வது சரியா?

மறுமொழி: ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

அழிக்காமல் விட்டது முறையே. வங்கியின் கணக்குப் பதிவேடான பேரேட்டில் ஏறியதைப் பின்னால் அழிக்க இடமிருந்தால், தவறு மட்டுமல்ல, மோசடியும் தடயமின்றி மறைந்துவிடும். ஆகவே தவறான பற்றுக்கு எதிராக அதே தொகைக்கு ஒரு வரவை எழுதுவார்கள். ஒருவர் இட்ட பதிவை மற்றொருவர் சரிபார்த்து அனுமதித்த பின்னரே அது கணக்கில் ஏறும். பார்வைக்கு அறிக்கை அழகாக இராது என்பது உண்மைதான். எந்தப் பதிவுக்கான திருத்தம் இது என்பது விவரக் குறிப்பில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆனால் விவகாரம் முடிந்தது என்பதை நான் ஏற்க மாட்டேன். ஒவ்வொரு பதிவுக்கும், அது கணக்கில் ஏறிய தேதி, மதிப்புத் தேதி (அந்தப் பதிவு எந்த நாள் முதல் இருப்பில் சேர்ந்ததாகவோ கழிந்ததாகவோ கொள்ளப்படுகிறதோ அந்த நாள்) என இரண்டு தேதிகள் உண்டு. வட்டி கணக்கிடப்படுவது மதிப்புத் தேதியை வைத்துத்தான். திருத்த வரவுக்குத் தவறான பற்றின் மதிப்புத் தேதியையே இட்டால், இடைப்பட்ட நாள்களில் உங்கள் இருப்புக் குறையவே இல்லை என்று கணக்கு பேசும். வட்டியும் அதற்கேற்பச் சரியாகும். காசோலைக் கட்டணமோ அவ்வாறு தானாகத் திரும்பாது. அதையும், அக்காலத்தில் தவணை ஏதும் தவறியிருந்தால் அதன் அபராதத்தையும், ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுத்தில் கேட்க வேண்டும். காசோலை திரும்பியது வங்கியின் பிழையால்தான் என்று அதைப் பெற்றவருக்குக் காட்ட ஒரு கடிதமும் கேளுங்கள். பல நேரங்களில் கட்டணத்தைவிட அந்தக் கடிதமே பெரிது.

மறுமொழி: கணக்காளர்

மேலே சொன்னவற்றோடு ஒன்று. இரண்டாவது பற்றின் பணம் உண்மையில் பெறுநரைச் சென்றடைந்ததா என்று விசாரியுங்கள். சென்றிருந்து, அவரும் அதைத் திருப்பி அனுப்பினால், உங்களுக்கு ஒரே தொகை இருமுறை வரவாகும். அதில் ஒன்று உங்களுடையதன்று. பிழையாக வந்த பணத்தைச் செலவழித்துவிட்டு வங்கியின் கவனக்குறைவைக் காரணம் காட்டுவது பொதுவாக எடுபடாது.

ஓர் உதாரணம்: 2020 ஆகஸ்டில் அமெரிக்க வங்கியான சிட்டிபேங்க், ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு ஏறத்தாழ 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட 90 கோடி டாலரை அனுப்பிவிட்டது. சிலர் திருப்பித் தர மறுத்தார்கள். 2021இல் கீழ் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. அவர்களுக்காவது, கடன் பாக்கி இருந்தது என்ற வாதம் இருந்தது. நமக்கு அதுவும் இல்லை.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பெறுநரிடம் கேட்டேன், அவருக்கு ஒருமுறைதான் பணம் வந்திருக்கிறது. திருத்த வரவின் மதிப்புத் தேதியாகப் பணம் திரும்பி வந்த நாளே இருக்கிறது. இதை இனியும் மாற்ற இயலுமா?

மறுமொழி: ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

இயலும். மதிப்புத் தேதியைப் பின்தேதியிட்டு மாற்றக் கிளையில் அனுமதி இல்லாவிட்டால், வட்டி வித்தியாசத்தைத் தனியாகக் கணக்கிட்டு வரவு வைப்பார்கள், பலன் ஒன்றுதான். பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு அதன் தொடர்ச்சியாகவே எழுதுங்கள். புதிய புகாராகப் பதிந்தால், முந்தையது தீர்ந்ததாகக் கணக்கில் நின்றுவிடும்.