பின்னோக்கிய கார் சீட் விமானத்தின் லாப் பெல்ட்டில் நிக்குமோ? உதவி தேவை

வெள்ளவத்தை_மழலை:
9 மாசப் பிள்ளையோட கொழும்பிலயிருந்து வளைகுடா வழியா ரொறன்ரோ போறம், அங்கயே குடியேறுறம். பிள்ளைக்குத் தனி சீட் எடுத்தாச்சு. எங்களிட்ட இருக்கிறது கைபிடி வச்ச ஐரோப்பிய இன்ஃபன்ட் கேரியர். காரில ஐசோஃபிக்ஸ் பேஸில, அதாவது கார் இருக்கையின்ர இரும்புக் கொழுக்கியில பூட்டுற அடித்தட்டில, கொழுவுறது. விமானத்தில இடுப்புப் பெல்ட் மட்டும்தான் எண்டதால, பேஸ் இல்லாமல் பழைய வான் வண்டியின்ர நடு சீட்டில இடுப்புப் பெல்ட்டால மட்டும் கட்டிப் பார்த்தம். கால்மாட்டுப் பக்கம் இறுகுது, தலைமாட்டுப் பக்கம் மேலும் கீழும் ஆடுது. எவ்வளவு இழுத்தாலும் அதே கதைதான். கட்டின விதம் பிழையோ, சீட்டே சரிவராதோ? லேபிளில ஆர்129 எண்டு, ஐரோப்பிய கார் சீட் பாதுகாப்பு விதியின்ர இலக்கம், இருக்கு. விமானம் பற்றி ஒண்டும் இல்லை.

கபின்_குறிப்பு:
நீங்கள் கட்டியதில் பிழை இல்லை அக்கா. அந்த வகைக் கேரியர்கள் பெரும்பாலும் மூன்று முனைப் பெல்ட்டுக்காகச் செய்யப்பட்டவை. இடுப்புப் பட்டி பிள்ளையின் கால்களுக்கு மேலால் போகும், தோள் பட்டி கேரியரின் முதுகைச் சுற்றி வரும். தலைமாட்டைப் பிடித்து வைப்பது அந்தத் தோள் பட்டிதான். விமானத்தில் அது கிடையாது, ஐசோஃபிக்ஸ் கொழுக்கியும் கிடையாது. அதனால்தான் ஆடுகிறது, இறுக்கி இதைத் தீர்க்க முடியாது.

முதலில் கையேட்டைப் பாருங்கள். இடுப்புப் பெல்ட்டால் மட்டும் பூட்டும் படமோ, விமானத்துக்கான பக்கமோ இருந்தால் அதன்படி செய்யலாம். சில விமான நிறுவனங்கள் ஐரோப்பிய முத்திரையை மட்டும் பார்த்து ஏற்றுக்கொள்ளும், சில விமானத்துக்கென்று தனி லேபிள் கேட்கும். ஆனால் லேபிள் இருந்தாலும் கையேடு இடம் தராவிட்டால் அந்தச் சீட்டை நம்ப வேண்டாம்.

வெள்ளவத்தை_மழலை:
பார்த்திட்டன். மூன்று முனைப் பெல்ட்டும் ஐசோஃபிக்ஸும் மட்டும்தான் இருக்கு. அப்ப இங்க புதுசா ஒண்டு வாங்கவோ?

ரொறன்ரோ_பெற்றோர்:
இங்க வாங்காதேங்கோ தங்கச்சி, காசு வீணாகும். கனடாவில காரில பாவிக்கிற சீட்டில கனடிய பாதுகாப்பு முத்திரை இருக்க வேணும்: வட்டத்துக்குள்ள மேப்பிள் இலை. ஐரோப்பிய சீட்டோ அமெரிக்க சீட்டோ, அந்த முத்திரை இல்லாட்டிக் குடியிருக்க வாறவைக்குச் சட்டப்படி செல்லாது. ஆனபடியால் ரொறன்ரோவிலயிருந்து கொழும்புக்கு வாற சொந்தக்காரர் ஆரையாவது பிடிச்சு, கனடிய கன்வர்டிபிள் சீட் (பின்னோக்கியும் முன்னோக்கியும் வைக்கக்கூடியது) ஒண்டு கொண்டுவரச் சொல்லுங்கோ. அதுகள் பின்னோக்கி வைக்கேக்கையும் இடுப்புப் பெல்ட்டால் மட்டும் பூட்டக்கூடியவை, விமானத்துக்கும் சரி எண்ட வாசகம் லேபிளிலயே இருக்கும். காசைக் குடுக்க முதல் அந்த வாசகத்தின்ர படத்தையும் காலாவதித் திகதியின்ர படத்தையும் வாங்கிப் பாருங்கோ.

அகலம் முக்கியம். எகானமி சீட்டில கைப்பிடிகளுக்கு இடையில பொதுவா 43 முதல் 46 சென்ரிமீற்றர்தான். கார் சீட் 40 சென்ரிமீற்றருக்குள்ள இருந்தால் நிம்மதி. கப் ஹோல்டர் கழட்டக்கூடியதெண்டால் கழட்டிப்போட்டு அளவுங்கோ.

கபின்_குறிப்பு:
நல்ல யோசனை. இனி இருக்கைத் தெரிவு. ஜன்னலோரம் எடுங்கள், கார் சீட் மற்றவர்கள் வெளியேறும் வழியை மறிக்கக்கூடாது. அவசர வாசல் வரிசையும் அதற்கு முன்பின் வரிசைகளும் வேண்டாம். காற்றுப்பை உள்ள தடித்த பெல்ட் பொருத்திய இருக்கைகளும் வேண்டாம். முன்வரிசையில் இப்படியான பெல்ட் சில விமானங்களில் இருக்கும், அங்கே கைப்பிடியையும் உயர்த்த முடியாது.

பின்னோக்கிய சீட்டின் முதுகு முன் இருக்கையில் முட்டும். அங்கே இருப்பவர் சாய முடியாமல் சண்டைக்கு வருவார். கணவரை அந்த முன் இருக்கையில் இருத்திவிடுங்கள், பிரச்சினையே வராது.

பூட்டும் முறை இதுதான். விமான இருக்கையை நிமிர்த்தி வையுங்கள். பிள்ளையின் கால்கள் இருக்கையின் முதுகுப்பக்கம் வரும்படி கார் சீட்டை வைத்து, பின்னோக்கிய வழி என்று அடையாளமிட்ட துவாரத்தால் பெல்ட்டை விடுங்கள். முன்னோக்கிய வழி வேறு, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் மாறிப் போட்டுவிடுவார்கள். பெல்ட்டை முறுக்கில்லாமல் பூட்டி, ஒரு கையால் கார் சீட்டைக் கீழே அழுத்திக்கொண்டு பெல்ட்டின் தொங்கும் நுனியை இழுங்கள். பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் 2.5 சென்ரிமீற்றருக்கு மேல் அசையக்கூடாது. இப்படி இடுப்புப் பெல்ட்டுக்கென்று செய்த சீட்டில் தலைமாட்டில் கொஞ்சம் அசைவது வழக்கம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அதிகம் பேர் திண்டாடுவது பக்கிளில்தான். விமானப் பெல்ட்டின் பக்கிள் நடுவில் வருவதால் துவாரத்துக்குள் மாட்டிக்கொள்ளும். மூடியைத் தூக்க இடமிருக்காது, இறங்கும்போது சீட்டைக் கழற்ற முடியாது. பிள்ளையை இருத்த முதலே ஒருமுறை திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் பெல்ட்டைத் தளர்த்தி, பக்கிளைத் துவாரத்துக்கு வெளியே நகர்த்தி மீண்டும் இறுக்குங்கள். நீளம் போதாவிட்டால் பணிப்பெண்ணிடம் நீட்டிப்புப் பெல்ட் கேளுங்கள்.

வெள்ளவத்தை_மழலை:
கார் சீட் சரியான சாய்வில நிக்குதோ எண்டு காட்டுற சாய்மானக் கோடு இருக்கே, அதை எப்ப பாக்கிறது? பறக்கேக்க மூக்கு கொஞ்சம் மேல நிக்குமே? மாமி சொல்லுறா, இறங்கேக்க மடியில வச்சுப் பிடிச்சால் போதுமாம்.

கபின்_குறிப்பு:
விமானம் தரையில் நிற்கும்போதே அந்தக் கோட்டைச் சரிபார்த்துவிடுங்கள், பறக்கும்போது பார்த்து மாற்றத் தேவையில்லை.

மாமிக்கு மரியாதையாகச் சொல்லுங்கள், கையால் பிடிப்பது போதாது. 1989இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் யுனைடெட் 232 விபத்துக்குள்ளானபோது, தனி இருக்கை இல்லாமல் வந்த 4 குழந்தைகளைத் தரையில் வைத்துப் பிடிக்கச் சொன்னார்கள். அவர்களில் ஒரு குழந்தை இறந்துவிட்டது. விமானம் தரையில் ஓடுவது, ஏற்றம், இறக்கம், குலுக்கல், இந்த நேரங்களில் பிள்ளை கார் சீட்டுக்குள் பட்டி இறுக்கி இருக்கட்டும். சுவரில் கொழுவும் தொட்டில் இந்த நேரங்களுக்கு உதவாது.

ரொறன்ரோ_பெற்றோர்:
பனிக்காலமெண்டால் தடிச்ச ஜக்கெட்டைப் பட்டிக்குக் கீழ போடாதேங்கோ, பட்டி இறுகினமாதிரி இருக்கும், உள்ள தளர்வா இருக்கும். பட்டியைக் கட்டின பிறகு மேலால போர்த்துங்கோ. பின்னோக்கி இருக்கேக்கை தோள் பட்டி பிள்ளையின்ர தோள் மட்டத்திலயோ அதுக்குக் கொஞ்சம் கீழயோ புறப்பட வேணும், நெஞ்சுக் கிளிப் அக்குள் மட்டத்தில நிக்க வேணும்.

மற்றது, ரிக்கெட் எடுத்த நிறுவனம் ஒண்டாயும் விமானத்தை ஓட்டுறது வேறொண்டாயும் இருக்கும். ஓட்டுற நிறுவனத்தின்ர விதிதான் செல்லும், இரண்டு விமானத்துக்கும் தனித்தனியா கேளுங்கோ. சில நிறுவனங்கள் பின்னோக்கி வைக்க விடாது. சீட்டின்ர அகலம், லேபிள் படம், பின்னோக்கி வைக்கப்போறம் எண்டது, மூண்டையும் மின்னஞ்சலில எழுதிப் பதிலை அச்சடிச்சுக் கொண்டுபோங்கோ. கட்டுநாயக்க விமான நிலையத்தில எக்ஸ்ரே மெசினுக்குள்ள சீட் போகாட்டிக் கையால சோதிப்பினம், அதுக்குக் கொஞ்சம் நேரம் முந்திப் போங்கோ.