பெயிண்ட் பக்கெட் காது ஒடிஞ்சா எப்படிங்க சரி பண்றது?

கட்டுத்தரை:
20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் நாலு, மாட்டுக்குத் தண்ணி மொள்ளவும் தவுடு கரைக்கவும் பொழங்குறதுங்க. மூணுல கம்பி நல்லா இருக்குது, அதை மாட்டுற பிளாஸ்டிக் காது மட்டும் ஒரு பக்கம் ஒடிஞ்சிருச்சு. நாலாவதுல கம்பியே இல்லை. எபாக்சி களிம்பு வெச்சா தோலாட்டம் உரிஞ்சு வருது. ஓட்டை போட்டுக் கம்பியை மாட்டுனா மேல் பக்கமாக் கிழியுது. வேற வழி இருக்குதுங்களா?

லேத்துக்காரன்:
களிம்பு மேல குத்தமில்லீங்க. பக்கெட் அடியில முக்கோணத்துக்குள்ள 5னு இருந்தா பாலிபுரொப்பிலீன், 2னு இருந்தா எச்.டி.பி.இ. ரெண்டுலயும் சாதாரணப் பசை பிடிக்காது, மேலாக்க உக்காந்திருந்துட்டு கழண்டுக்கும். கிழியறது வேற கதை. ரொம்புன பக்கெட்டுல 20 கிலோ தண்ணி, அத்தனையும் 4 மி.மீ. கம்பி மேல தொங்குனா அது ரம்பமாட்டம் அறுக்கும். பாரத்தை அகலமாப் பரத்திவிடணும்.

ஒரு பக்கெட்டுக்கு: 6 மி.மீ. போல்ட் 30 மி.மீ. நீளத்துல ரெண்டு, சாதா நட்டு ரெண்டு, நைலான் வெச்ச லாக் நட்டு ரெண்டு, அகலமான வாசர் நாலு, சின்ன வாசர் ரெண்டு, சைக்கிள் டியூப் துண்டு.

ஒரு காதுதான் ஒடிஞ்சதுன்னாலும் ரெண்டு பக்கமும் புதுசா ஓட்டை போடுங்க. ஒண்ணு மேல ஒண்ணு கீழ இருந்தா தூக்கறப்போ பக்கெட் சாஞ்சு தண்ணி கால்ல ஊத்தும். வாய்ச் சுத்தளவை நூலால அளந்து, நூலைப் பாதியா மடிச்சு எதிரும் புதிருமாக் குறிச்சுக்குங்க. விளிம்புப் பட்டைக்கு ஒரு விரக்கடை கீழே, உள்ளே கட்டையை முட்டுக் கொடுத்து 6.5 மி.மீ. டிரில்லுல மெதுவா ஓட்டணும். ஆணியைக் காய வெச்சுக் குத்தினா ஓரத்துல மேடு தட்டும், அதைப் பிளேடுல சீவலைன்னா வாசர் படியாது.

போல்ட் தலை உள்பக்கம். தலைக்கடியில அகல வாசர், அப்புறம் டியூப், அப்புறம் பக்கெட் சுவர். வெளியே இன்னொரு அகல வாசர் போட்டு சாதா நட்டை நல்லா முறுக்குங்க. அதுக்கு மேல கம்பிக் கண்ணு, சின்ன வாசர், லாக் நட்டு. இந்தக் கடைசி நட்டை இறுக்கிடாதீங்க, கம்பி ஆடணும்.

பழைய கம்பிக் கொக்கியை நிமித்திக் கண்ணா வளைக்கலாம். ஓட்டை கீழே இறங்குனதால கம்பி பத்தாம விளிம்புல உரசுச்சுன்னா, எட்டு நம்பர் ஜி.ஐ. கம்பி ரெண்டரை அடி வாங்கிக்குங்க. பிடிக்கு அரை இஞ்ச் ஓஸ் ஒரு சாண். ரெண்டாவது கண்ணை வளைக்கறதுக்கு முன்னாடியே ஓஸைக் கோத்துருங்க, நெறையப் பேரு இதை மறந்துட்டுக் கண்ணைத் திருப்பிப் பிரிப்பாங்க.

பொள்ளாச்சிக் கயிறு:
நாலாவது பக்கெட்டுக்குக் கம்பியே வேண்டாமுங்க, 8 மி.மீ. நைலான் கயிறு போதும். ஓட்டைக்கு உள்பக்கம் வாசர் கோத்து, எட்டு மாதிரி சுத்தி முடிச்சுப் போட்டு, நுனியைத் தீயில உருக்கி விடுங்க. வெறும் ஒத்தை முடிச்சு நைலான்ல வழுக்கிக்கும். தென்னங்கயிறு எங்க ஊர்ச் சரக்குதான், ஆனா நெதம் ஈரத்துல கெடந்தா மக்கிப் போகும். ஒரு குறை: கயிறு தொவண்டு தவுட்டுக்குள்ள விழுகும். தண்ணிக்கு மட்டும் வெச்சுக்குங்க.

கட்டுத்தரை:
ஒரு பக்கெட்டைத் தேச்சா கையில வெள்ளை மாவாட்டம் ஒட்டுதுங்க. இதுக்கும் போல்ட் தாங்குமா?

லேத்துக்காரன்:
தாங்காதுங்க. வெயில்ல பிளாஸ்டிக் செத்துப் போச்சு. காதுக்குப் பக்கத்துல கட்டை விரலால அமுக்கிப் பாருங்க, வளையாம மொறுமொறுன்னு கீறல் விட்டா ஓட்டை போட்டவுடனே பிளக்கும். அதைக் குறுக்கால அறுத்து சாணி அள்ள வெச்சுக்கலாம். பிளாஸ்டிக் நல்லா இருந்து சின்னக் கீறல் மட்டும் விட்டிருந்தா, கீறல் முடியற எடத்துல 3 மி.மீ. ஓட்டை போடுங்க, அதுக்கு மேல ஓடாது.

தவுடு கரைக்கறதுன்னு சொன்னதால இன்னொண்ணு. பெயிண்ட் பத்தை சொவத்துல ஒட்டியிருந்தா மாட்டுக்கு அது ஆகாது. பூச்சி மருந்து வந்த கேன், வாளி எதையும் எத்தனை தடவை கழுவுனாலும் கட்டுத்தரைப் பக்கமே கொண்டு வராதீங்க.