பாளை வீட்டு ஆட்கள்

டிசம்பர் 9

ஜெபா: அம்மாவுக்கு டிக்கெட் போட்டாச்சு. 24 ராத்திரி திருவனந்தபுரம், 25 காலைல 6.40க்கு ஹீத்ரோ. கிறிஸ்மஸ் அன்னைக்கு இறங்குனா பாதி விலைதான் 😎

கிரேஸ் சித்தி: ஸ்தோத்திரம் 🙏🙏🙏

பிரின்ஸ்: பெரியம்மா இன் லண்டன் 🔥

ஷீபா: ஏல ஜெபா, 25 அன்னைக்கு அங்க வண்டியே ஓடாதே. யோசிச்சியா?

ஜெபா: என்ன வண்டி

ஷீபா: டியூப், பஸ், டிரெயின். ஒண்ணும் கிடையாது, நாள் முழுக்க. படிக்கும்போது ரெண்டு கிறிஸ்மஸ் ஹாஸ்டல்லயே கிடந்தேன்

ஜெபா: போன வருஷம் ஊருக்கு வந்துட்டேன்லா. எனக்கு எப்படி தெரியும்

எட்வின் சித்தப்பா: ஷீபா சொல்வது தவறான தகவல். உலகத்திலேயே முதல் பாதாள ரயில் ஓடியது லண்டனில்தான். 10-1-1863, பேடிங்டன் முதல் ஃபாரிங்டன் வரை, அதுவும் நீராவி எஞ்சின். அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு நாள் முழுக்க வண்டியை நிறுத்துவானா? நான் 34 வருட சர்வீஸில் 29 கிறிஸ்மஸ் டூட்டி பார்த்தவன். மணியாச்சியில் இருந்தபோது கிரேஸ் கொடுத்துவிட்ட கேக்கை டோக்கன் மெஷின் மேலே வைத்துவிட்டு, நெல்லை எக்ஸ்பிரஸை அனுப்பிய பிறகுதான் வெட்டினோம். அதற்குள் எறும்பு வந்துவிட்டது. ஊதிவிட்டுச் சாப்பிட்டோம். ரயில்வே என்றால் அதுதான். — எட்வின்

கிரேஸ் சித்தி: அந்த 29லயும் நான் பிள்ளைகள இழுத்துக்கிட்டு தனியாத்தான் கோயிலுக்கு போனேன். அதையும் எழுதுங்க

பிரின்ஸ்: 💀

ஷீபா: 📷 புகைப்படம்
ஷீபா: அவங்க சைட்லயே போட்டுருக்கு சித்தப்பா. 24 சாயங்காலமே சீக்கிரம் முடிச்சிருவாங்க

எட்வின் சித்தப்பா: பார்த்தேன். வியப்பாக உள்ளது. — எட்வின்

ஜெபா: டாக்சி பாத்தேன். 100 பவுண்டுக்கு மேல கேக்கான். ஹீத்ரோ மேக்க, ஈஸ்ட்ஹாம் கெழக்க. ஊரையே குறுக்க தாண்டணும்

பிரின்ஸ்: பாதி விலை டிக்கெட் முழு விலை ஆயிட்டு

பெரியம்மா: 🎤 1:47

பிரின்ஸ்: பஸ்ல இருக்கேன், யாராவது கேட்டு சொல்லுங்க

கிரேஸ் சித்தி: ஊசிக்கோபுரம் கோயில்ல விடியக்காலை ஆராதனைய மைனி ஒரு வருஷம்கூட விட்டதில்லையாம். இந்த வருஷம் அந்த நேரத்துல ஆகாசத்துல இருப்பாங்களாம். அதனால இறங்குனதும் நேரா கோயிலுக்கு கூட்டிட்டு போணுமாம். டிவில காட்டுவாங்களே, அந்த உருண்டை கூரை

ஷீபா: செயின்ட் பால்ஸ். ஆராதனைக்கு டிக்கெட் எல்லாம் வேண்டாம், யாரும் போலாம். எதுல போறதுங்கதுதான்

ஜெபா: எங்க வீட்ல இருந்து நடந்தா மூணு மணி நேரம்

பிரின்ஸ்: வேளாங்கண்ணிக்கு நடக்கலயா மக்கள்

எட்வின் சித்தப்பா: அது ஆர்.சி. நாம் சி.எஸ்.ஐ. — எட்வின்

ஷீபா: ஜெபா இத கேளு. பால், ரொட்டி, காய் எல்லாம் 24க்குள்ள வாங்கி வச்சிரு. 25 பெரிய கடை எதுவும் திறக்கக் கூடாதுன்னு 2004லயே சட்டம் போட்டுட்டாங்க. ஹைட் பார்க்ல ராட்டினம் எல்லாம் போடுவாங்கல்லா, அதுவும் அன்னைக்கு லீவு. 26ல இருந்து டியூப் ஓடும். அங்க நாலு மணிக்கே இருட்டிரும். மத்தியானம் சோறு சாப்பிட்டுட்டு கிளம்பு. ரீஜண்ட் ஸ்ட்ரீட்ல தலைக்கு மேல லைட்டுல தேவதூதனுக செட்டைய விரிச்சிட்டு நிப்பாங்க. அப்படியே டிரஃபால்கர் ஸ்கொயர் மரம். பெரியம்மாவுக்கு கையுறை வாங்கு

எட்வின் சித்தப்பா: அந்த மரம் நார்வே நாடு கொடுப்பது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் செய்த உதவிக்கு நன்றியாக, 1947 முதல் வருடா வருடம் ஆஸ்லோ நகரத்தார் அனுப்புகிறார்கள். விளக்குச் சரத்தை நம்மைப் போல் சுற்றிக் கட்டமாட்டார்கள், மேலிருந்து கீழே நேராகத் தொங்கவிடுவார்கள். — எட்வின்

கிரேஸ் சித்தி: நம்ம வீட்டுக்கு இன்னும் சவுக்கு கிளையே வரல. இவங்க நார்வேல நிக்காங்க

ஷீபா: 😂😂
ஷீபா: சரி, அங்க கார் யார்ட்ட இருக்கு?

ஜெபா: க்ராய்டன்லதான்

ஷீபா: ம்

பிரின்ஸ்: ராஜன் அத்தான்!!! இந்த குரூப்லதான இருக்காங்க

கிரேஸ் சித்தி: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

எட்வின் சித்தப்பா: பழைய விஷயங்களை இங்கே பேச வேண்டாம். பத்திரம் பதிந்த அன்று அக்கா தன் கையால்தான் கையெழுத்துப் போட்டாள். யாரும் வற்புறுத்தவில்லை. — எட்வின்

ஷீபா: யாரும் பேசலையே சித்தப்பா

பிரின்ஸ்: 👀

பெரியம்மா: மக்ரூன் எத்தன கிலோ எடுக்க தூத்துக்குடி ஆள்ட்ட சொல்லணும் பால்கோவாவும் கொண்டு வரவா

ஷீபா: பால்கோவா வேண்டாம் பெரியம்மா. பால் சாமான், கறி எல்லாம் ஏர்போர்ட்ல புடுங்கிருவான்

ஜெபா: மக்ரூன் ரெண்டு கிலோ. உடையாம டப்பால

கிரேஸ் சித்தி: ரெண்டு கிலோவா. விலை தெரியுமா

எட்வின் சித்தப்பா: முந்திரி விலை ஏற்றத்துக்குக் காரணம்

கிரேஸ் சித்தி: ஆரம்பிக்காதீங்க

11.52

ராஜன் அத்தான்: எந்த டெர்மினல்

12.20

ஜெபா: அத்தான்
ஜெபா: டிக்கெட்ட பாத்துட்டு சொல்லுதேன்

எட்வின் சித்தப்பா: ஹீத்ரோவில் இப்போது 2, 3, 4, 5 மட்டும்தான் உண்டு. ஒன்றை 2015இல் மூடிவிட்டார்கள். — எட்வின்

ராஜன் அத்தான்: வாரேன்னு சொல்லல. அன்னைக்கு ஷிஃப்ட் இருக்கு. மாத்த முடியுமான்னு கேக்கணும்

ஷீபா: சரி அத்தான்

ஜெபா: இல்லன்னா நான் டாக்சியே புடிச்சிருதேன், ஒண்ணும் பிரச்சனை இல்ல

பெரியம்மா: ராஜனுக்கு முந்திரி ஆகாதுல்லா சின்னதுல ஒரு நாள் உதடெல்லாம் வீங்கிட்டு நான்தான் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுனேன் அவனுக்கு அச்சுமுறுக்கு தனி டப்பால சுட்டு கொண்டு வாரேன்

பிரின்ஸ்: எனக்கு?

எட்வின் சித்தப்பா: டப்பாக்களின் எடையையும் சேர்த்துக் கணக்கிடவும். — எட்வின்