சேலம் டவுன் பஸ்: மஞ்சள் வண்டி எல்லாம் பி.எஸ்.6 தானா? நிறுத்திட்டு ஏன் இந்த உறுமல்?

ஜன்னல்சீட்_சேலம் கேட்டது:

பழைய பஸ் ஸ்டாண்டு, ஜங்ஷன், அஸ்தம்பட்டி பக்கம் ஓடும் வண்டிகள் கொஞ்ச காலமாக வேகமாக மாறுகின்றன. கலர் மாறியிருக்கிறது, சத்தம் மாறியிருக்கிறது, புகை போயே போச்சு. மூன்று சந்தேகம்:

1. வெளியே நின்று பார்த்தே ஒரு வண்டி எந்தப் புகைக் கட்டுப்பாட்டுத் தரம், அதாவது பி.எஸ்.3-ஆ, 4-ஆ, 6-ஆ என்று சொல்ல முடியுமா?

2. புது வண்டிகளில் சிலது டிரிப் முடிந்து ஆள் இறங்கின பிறகு, நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் ரேஸ் ஆகிக்கொண்டே நிற்கிறது. டிரைவர் ஆக்ஸிலரேட்டரில் கால்கூட வைப்பதில்லை. இது கோளாறா?

3. இதே நீள வண்டிகளை ஏற்காட்டுக்கும் விட முடியுமா? எலெக்ட்ரிக் வந்தால் மலை ஏறுமா?

சேஸி_நம்பர்:

முதலில் கலரை மறந்துடுங்க. 2023 ஆகஸ்டில் பழைய சேஸி மேல புது பாடி கட்டின வண்டிகளுக்கும் இதே மஞ்சள்தான் அடிச்சாங்க. பிங்க் பெயின்ட்டுக்கும் என்ஜினுக்கும் சம்பந்தமே இல்லை, அது 2021 மே மாதம் வந்த மகளிர் இலவசப் பயணத்துக்கான அடையாளம். மஞ்சள் வண்டின்னா புது வண்டின்னு நினைச்சு ஏமாறுறவங்க நிறைய.

பதிவு எண்ணில் 'என்' சீரிஸ் இருந்தா அரசு வண்டி. சேலம் வண்டி டி.என். 30 என், தருமபுரி வண்டி டி.என். 29 என். எந்த பி.எஸ்.னு தெரிய தேதிதான் கணக்கு. நாடு முழுக்க பி.எஸ்.4 கட்டாயமானது 2017 ஏப்ரல் 1, பி.எஸ்.6 கட்டாயமானது 2020 ஏப்ரல் 1. வண்டிக்குள்ள முன்பக்கம் எழுதியிருக்கிற எஃப்.சி. (தகுதிச் சான்று) தேதியை வச்சு வயசை ஓரளவு ஊகிக்கலாம். 8 வருஷம் வரைக்கும் எஃப்.சி. 2 வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கு மேல வருஷா வருஷம்.

கண்ணுக்குத் தெரியற அடையாளம்னா டீசல் டேங்க் பக்கத்துல நீல மூடி போட்ட சின்ன டேங்க். அது யூரியா டேங்க். ஆனா அது ஒண்ணை மட்டும் வச்சு பி.எஸ்.6-னு முடிவு பண்ணக் கூடாது. பி.எஸ்.4 காலத்துலயே டாடா பெரிய வண்டிகள்ல யூரியா வந்தாச்சு. லேலண்ட் அப்போ வேற வழியில போச்சு: பழைய இன்லைன் டீசல் பம்ப்பையே வச்சுக்கிட்டு ஈ.ஜி.ஆர். (புகையில ஒரு பங்கை என்ஜினுக்கே திருப்பி விடுறது) மட்டும் சேர்த்து பி.எஸ்.4 கடந்தாங்க. அதனாலதான் நம்ம பக்கத்து மெக்கானிக்குங்களுக்கு 4-ல பெரிய கஷ்டம் தெரியலை. 6-ல தான் காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டுல டீசல் விடுற முறை), சென்சார், ஸ்கேனர் எல்லாம் ஒரே நாள்ல வந்து இறங்குச்சு.

சந்தேகம் தீரணும்னா சைலன்ஸரைப் பாருங்க. பழசுல நீள உருளை. பி.எஸ்.6-ல சூட்கேஸ் மாதிரி பெரிய பெட்டி, அதுல நாலஞ்சு ஒயர் போயிருக்கும். புகைக் குழாய் முனையில விரலைத் தேய்ச்சா கரி ஒட்டாது (வண்டி ஆறின பிறகு, தயவு செய்து). ஒட்டுச்சுன்னா உள்ள இருக்கிற புகை ஃபில்டர் விரிசல் விட்டுடுச்சுன்னு அர்த்தம்.

யூரியா_மணி:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அது கோளாறு இல்லை, ரீஜெனரேஷன் (சுருக்கமாக ரீஜென்), ஃபில்டரில் சேர்ந்த கரியை எரிப்பது. பாதியில் நிறுத்தினால்தான் கோளாறு ஆகும்.

அந்தப் பெட்டிக்குள் ஒரு பீங்கான் ஃபில்டர் இருக்கிறது, டி.பி.எஃப். என்பார்கள். புகைக்கரி அங்கேதான் தங்கும். வண்டி நல்ல லோடில், சீரான வேகத்தில் ஓடினால் புகையின் சூட்டிலேயே கரி கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துவிடும். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து சூரமங்கலம் வரை 200 மீட்டருக்கு ஒரு நிறுத்தம், நடுவே சிக்னல் என்று ஓடினால் அந்தச் சூடு வரவே வராது. கரி சேரும். ஒரு அளவுக்கு மேல் சேர்ந்ததும் கம்ப்யூட்டரே டீசலைக் கூடுதலாக விட்டு ஃபில்டரை 550 முதல் 600 டிகிரி வரை சூடேற்றி எரிக்கப் பார்க்கும். ஓடும்போது அது முடியவில்லை என்றால் டேஷ்போர்டில் டி.பி.எஃப். விளக்கு எரியும். பிறகு நிறுத்தி வைத்துத்தான் செய்ய வேண்டும்.

செய்முறை: வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்து, நியூட்ரல், ஹேண்ட்பிரேக், ரீஜென் பட்டனை சில விநாடி அழுத்திப் பிடி. ஆர்.பி.எம். தானே ஏறும். 20 முதல் 40 நிமிடம். கிளட்ச்சையோ பிரேக்கையோ தொட்டால் நின்றுபோகும், மறுபடி முதலிலிருந்து. புகைக் குழாய்க்குக் கீழே காய்ந்த சருகு, எண்ணெய்த் துணி, டயர் இருக்கக் கூடாது. ஈரடுக்கு பஸ் நிலையத்தில் கூரைக்கு அடியில் இதைச் செய்வது சரியில்லை, டெப்போவில்தான் செய்யணும்.

விளக்கை அலட்சியம் பண்ணினால் படிப்படியாகப் போகும். முதலில் நிலையாக எரியும். அடுத்து மினுக்கும். அதற்கு மேல் இழுவை குறையும், மஞ்சள் என்ஜின் விளக்கு சேர்ந்துகொள்ளும். கடைசியில் பட்டனுக்கே கட்டுப்படாது, ஸ்கேனர் போட்டு வற்புறுத்தணும். அதுக்கும் அசையவில்லை என்றால் ஃபில்டரைக் கழற்றணும்.

டிப் ஸ்டிக்கையும் பாருங்கள். ரீஜென் அடிக்கடி பாதியில் அறுபட்டால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயில் சம்ப்புக்கு இறங்கும் வண்டிகள் உண்டு. ஆயில் அளவு குறைவதற்குப் பதில் கூடும். "ஆயிலே குடிக்காத வண்டி" என்று சந்தோஷப்பட்டால் பேரிங் போகும். ஆயிலும் சாம்பல் குறைந்த வகையாக, சி.கே.4 தரமாக இருக்கணும். கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. அது ஃபில்டரிலேயே தங்கிவிடும்.

ஜன்னல்சீட்_சேலம்:

அப்போ யூரியா எதுக்கு? கரியை எரிக்கவா?

யூரியா_மணி:

இல்லை, இரண்டும் வேறு வேறு வேலை. யூரியா நைட்ரஜன் ஆக்சைடுக்கு. 32.5 சதவீத யூரியா, மீதி சுத்த நீர். டீசலில் சுமார் 5, 6 சதவீதம் செலவாகும். ஒரு டவுன் பஸ் நாளைக்கு 250 கி.மீ., லிட்டருக்கு 5 கி.மீ. என்று வைத்தால் 50 லிட்டர் டீசல், இரண்டரை மூன்று லிட்டர் யூரியா.

இதில் நடக்கும் அநியாயங்கள்தான் நிறைய. தீர்ந்துபோச்சு என்று தண்ணீர் ஊற்றுவது. தரம் பார்க்கும் சென்சார் பிடித்துவிடும், முதலில் இழுவையில் 25 சதவீதம் வெட்டும், அப்படியும் கவனிக்கவில்லை என்றால் வண்டி 20 கி.மீ. வேகத்தைத் தாண்டாது. அதைவிட மோசம் உரக்கடை யூரியாவைக் கரைத்து ஊற்றுவது. நம் நாட்டில் 2015-லிருந்து உர யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அதையும் சேலத்து போர் தண்ணியையும் கலந்தால் எண்ணெய், சுண்ணாம்பு, மக்னீசியம் எல்லாம் பெட்டிக்குள் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டில் படிந்து அந்தப் பெட்டியே பாழ். வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கம் இருக்கிற ஊர் இது, தண்ணீரைப் பற்றி வேற சொல்லணுமா?

யூரியா கேனை வெயிலில் அடுக்கக் கூடாது. 30 டிகிரிக்குள் இருந்தால் ஏறக்குறைய ஒரு வருஷம் தாங்கும். ஏப்ரல், மே தகரக் கொட்டகைக்குள் அந்தக் கணக்கு செல்லாது.

கரூர்பாடி:

தனியார் டவுன் பஸ் ஓனர்களுக்கு ஒரு வார்த்தைங்க. சேஸி வாங்கி கரூர்ல பாடி கட்டினாலும் சரி, ஊர்லயே தட்டிப் பிடிச்சாலும் சரி, ஆர்க் வெல்டிங் வைக்கிறதுக்கு முன்னாடி பேட்டரி ரெண்டு முனையும் கழட்டணும், ஈ.சி.யு. (என்ஜின் கம்ப்யூட்டர்) கப்ளரையும் கழட்டணும். எர்த் கிளாம்ப் வெல்டிங் வைக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே இருக்கணும். பழைய பம்ப் வண்டியில எப்படி வேணாலும் வெல்டிங் வச்சாங்க, ஒண்ணும் ஆகலை. இதுல ஒரு படி ஒட்ட வச்சதுக்கு ஈ.சி.யு. போச்சுன்னா படியோட விலை என்னன்னு நீங்களே பாத்துக்கங்க.

இருபதாம்_வளைவு:

ஏற்காடு விஷயம். அடிவாரம் வழியில் 20 கொண்டை ஊசி வளைவு. சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500-க்கு மேல்.

ஏறுவதற்குக் குதிரைசக்தி போதுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். புது வண்டிகள் தாராளமாக ஏறும். வளைவில் வண்டி மடங்குமா, இறங்கும்போது பிரேக் தாங்குமா என்பதுதான் கவலை.

டவுன், வெளியூர் வண்டிகளுக்கு வழக்கமான லேலண்ட் வைக்கிங் சேஸியின் வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத் தூரம்) 222 அங்குலம், அதாவது 5.64 மீட்டர். பின் அச்சுக்குப் பின்னால் நீட்டக்கூடிய பாடி, வீல்பேஸில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. கணக்குப் போட்டால் 3.38 மீட்டர் வரை வால் நீளலாம். வளைவில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் அந்த வால் எதிர்ப்பக்கம் வீசும், சுவர்ப்பக்கம் என்றால் பாடி உரசும், பள்ளத்துப் பக்கம் என்றால் தடுப்புக் கல். முன்பக்கம் எதிர்த் தடத்தை முழுக்க எடுத்துக்கொண்டால்தான் திரும்பும். அதனால்தான் மலைக்கு வீல்பேஸ் குறைந்த வண்டி. புதுசா பழசா என்பது அடுத்த பேச்சு.

இறக்கத்தில் விதி பழையதுதான்: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வழியை அடைத்து என்ஜினாலேயே வேகம் குறைப்பது) ஆர்.பி.எம். அதிகமாக இருந்தால்தான் நன்றாகப் பிடிக்கும். மேல் கியரில் போட்டுக்கொண்டு "பிடிக்கவே இல்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை. கால் பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு முழுசாக விட்டுவிடணும். லேசாகத் தேய்த்துக்கொண்டே இறங்கினால் டிரம் பழுக்கும், லைனர் கண்ணாடி மாதிரி வழவழப்பாகும், பிறகு எவ்வளவு மிதித்தாலும் நிற்காது. நாற்றம் வந்தால் ஓரம் கட்டி ஆறவிடுங்கள். சூடான டிரம் மேல் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விடும்.

பிரேக்குக்கான ஏர் டேங்க்கில் சேரும் தண்ணீரை தினமும் வடிக்கணும், ஏற்காட்டுப் பனியில் இரட்டிப்பு அவசியம். ஏர் டிரையர் வேலை செய்தால் டேங்க்கில் தண்ணீர் வரக் கூடாது. வடிக்கும்போது வந்தால் கார்ட்ரிஜ் மாற்றும் நேரம். ஆட்டோ ஸ்லாக் அட்ஜஸ்டர் (பிரேக் தேய்மான இடைவெளியைத் தானே சரிசெய்வது) உள்ள வண்டியில் ஸ்பேனர் போட்டு இறுக்குகிற பழக்கத்தை விடணும். தானே சரி செய்துகொள்ளவில்லை என்றால் அட்ஜஸ்டர் போயிருக்கிறது, இறுக்கினால் கோளாறு மறையுமே தவிரப் போகாது. முன் சக்கரத்துக்கு ரீட்ரெட் டயர் வேண்டவே வேண்டாம்.

மலை வண்டிக்கு டி.பி.எஃப். தொல்லை குறைவு. ஏறும்போது முழு லோடு, புகை கொதிக்கும், கரி தானே எரிந்துவிடும்.

ஜன்னல்சீட்_சேலம்:

அப்படியானால் டவுன் வண்டியை வாரத்துக்கு ஒரு நாள் மலைக்கு அனுப்பிக் கரியை எரித்துவிடலாமே!

இருபதாம்_வளைவு:

நீளம் இடிக்கிறது என்று இப்போதுதானே சொன்னேன் தம்பி. மலை தேவையில்லை. ஓமலூர் பக்கம் நாலுவழிச் சாலையில் 50, 60 வேகத்தில் நிறுத்தாமல் அரை மணி ஓடினாலே போதும். டவுனுக்குள்ளேயே சுற்றும் வண்டியையும் ஓமலூர் மாதிரி நீள டிரிப் வண்டியையும் டியூட்டி சீட்டில் மாற்றி மாற்றிப் போட்டால் பாதி விளக்கு எரியாது. "ஒரு ரூட்டுக்கு ஒரு வண்டி" என்பது பி.எஸ்.3 காலத்துப் பழக்கம்.

யூரியா_மணி:

இதில் ஒரு சின்ன மாற்றுக் கருத்து. சுழற்சி நல்லதுதான், ஆனால் ஓமலூர் போகும் வண்டி நடுவில் ரீஜென் ஆரம்பித்து, பஸ் ஸ்டாண்டில் என்ஜினை அணைத்தால் பயன் பாதிதான். ரீஜென் நடக்கிறது என்று டேஷ்போர்டு காட்டும்போது அணைக்கக் கூடாது என்று டிரைவருக்குச் சொல்லிக் கொடுத்தாகணும். அதோடு, டைம் ஆகும் வரை ஐடிலில் போட்டு வைக்கும் வழக்கமும் போகணும். ஐடிலில்தான் கரி அதிகம் சேரும். டர்போ ஆற ஒரு நிமிடம் போதும்.

வோல்ட்_கணக்கு:

எலெக்ட்ரிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலை. கணக்கு எளிது. ஆளோடு 16 டன் வண்டி, 1,240 மீட்டர் ஏறணும். உயரத்துக்கு மட்டும் சுமார் 54 யூனிட். மோட்டார், இன்வெர்ட்டர் இழப்பு சேர்த்தால் 63, 64. சாலை உராய்வு தனி. ஆக ஏறிவிடும், 200 யூனிட் பேட்டரி வைத்தால் மலை ஒரு பெரிய விஷயமே இல்லை.

இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி பிரேக் பிடிக்கும், போன கரண்டில் நல்ல பங்கு திரும்பும். லைனர் தேயாது, மேலே சொன்ன டிரம் சூடு பிரச்சினை பெரும்பாலும் போய்விடும். ஆனால் ஒரு பொறி இருக்கு: ஏற்காட்டில் சார்ஜர் வைத்து 100 சதவீதம் ஏற்றிவிட்டு இறங்கினால், பேட்டரியில் இடமே இருக்காது. மோட்டார் பிரேக் வேலை செய்யாது, முழுப் பாரமும் கால் பிரேக்குக்கு வரும். சார்ஜ் அடிவாரத்திலோ சேலத்திலோதான் போடணும். மேலே போட்டாலும் 75, 80-ல் நிறுத்தணும்.

சேஸி_நம்பர்:

இன்னொண்ணு விட்டுப்போச்சு. பி.எஸ்.6 வண்டியில கீ ஆஃப் பண்ணின உடனே பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சைத் திருப்பாதீங்க. ஆஃப் பண்ணின பிறகு ஏறக்குறைய 2 நிமிஷம் யூரியா பம்ப் ஓடி, குழாயில மிச்சமிருக்கிறதை டேங்குக்குத் திரும்ப இழுக்கும். சின்னதா ஒரு ரீங்காரம் கேட்கும். அது நின்ன பிறகு கட்-ஆஃப். உடனே வெட்டினா யூரியா குழாயிலயே காஞ்சு, கல் உப்பு மாதிரி நாசில்ல அடைச்சுக்கும். அப்படி அடைச்சா கம்பி விட்டுக் குத்தக் கூடாது, வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டர்ல ஊற வச்சா கரைஞ்சுடும். நைட் டியூட்டி முடிச்சு வண்டி விடுறப்போ அந்த 2 நிமிஷம் யாருக்கும் பொறுமை இருக்கறதில்லை, அதனால கட்-ஆஃப் சுவிட்ச் மேலயே "2 நிமிடம்"னு பெயின்ட்ல எழுதி வச்சுடுங்க.